கடலோர வீட்டில் ஒரே ஒரு பழமரத்துக்குத்தான் இடம் என்றால்: கொய்யாவா, மாதுளையா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம் சொந்த வீடு. பின்கட்டில் 12க்கு 15 அடி வெறும் இடம், மணல் கலந்த மண், போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். காலையிலிருந்து பகல் ஒரு மணி வரை வெயில், அப்புறம் பக்கத்து வீட்டு மாடியின் நிழல். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். ஒரு மரம்தான் வைக்க முடியும், கொய்யாவா மாதுளையா என்பது உங்கள் கேள்வி. கூடவே இன்னும் இரண்டு கேட்டிருக்கிறீர்கள். எதிர்வீட்டு மாதுளை வருஷம் முழுக்கப் பூத்தும் ஏன் காய் நிற்பதில்லை? கடையில் வாங்கிய பழத்தின் விதையில் முளைத்த மாதுளைக் கன்று ஒன்று தொட்டியில் இருக்கிறது, அதையே நட்டுவிடலாமா?

எந்தப் பழம் சிறந்தது என்று நீங்கள் கேட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில், அந்தக் காற்றில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்தைப் பார்க்க முடிகிற ஒரு குடும்பத்துக்கு எது பழம் கொடுக்கும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அதற்கு என் பதில் கொய்யா. நான் தோட்டக்கலை படித்தவன், பழக்கன்று உற்பத்தி செய்யும் நர்சரிகளில் வேலை பார்த்துவிட்டு, பல ஆண்டுகளாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் காரணம் பலரும் நினைப்பதுபோல் மண்ணோ உப்போ இல்லை. உப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் மாதுளைதான் ஒரு படி மேலே தாங்கும். காற்றில் இருக்கும் ஈரம்தான் இங்கே முடிவு செய்கிறது.

மாதுளை ஈரானிலிருந்து இமயமலை அடிவாரம் வரையிலான வறண்ட நிலத்துச் செடி. காந்தகார் மாதுளைக்குப் பேர் போனது. நம் நாட்டில் மாதுளை என்றால் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், அந்த ஊரில்தான் தேசிய மாதுளை ஆராய்ச்சி மையத்தை 2005இல் தொடங்கினார்கள். இந்த ஊர்களுக்கெல்லாம் பொதுவானது ஒன்றுதான்: காய் முற்றிப் பழுக்கிற மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும், பகல் சுடும், இரவு கொஞ்சமாவது குளிரும். காற்றில் ஈரம் கூடினால் மாதுளை இலையிலும் காயிலும் புள்ளி நோய்கள் வரும். பாக்டீரியா கருகல் நோய் வந்துவிட்டால் காயின் தோலில் எண்ணெய் பட்டது போன்ற கரும்புள்ளி விழுந்து, அதன் நடுவே வெடிப்பு ஓடும். பெரிய தோட்டக்காரர்களே அதற்கு ஒவ்வொரு பருவமும் திரும்பத் திரும்ப மருந்தடித்துப் போராடுகிறார்கள். குழந்தைகள் ஓடியாடும் பின்கட்டில் அப்படி மருந்தடிக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைப் பழத்தில் பார்க்கிற அந்த ரத்தச் சிவப்பு முத்துகளை எதிர்பார்த்துத்தான் பலர் மாதுளை வைக்கிறார்கள். முத்துக்குச் சிவப்பு ஏற இரவுக் குளிர்ச்சி உதவ வேண்டும். வெப்பம் கூடிய பருவத்தில் முற்றுகிற பழத்தில் முத்து வெளிறியே இருக்கும், நல்ல ரகமானாலும் அப்படித்தான். கோவளத்தில் பழம் கிடைத்தாலும் முத்துகள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இனிப்பு இருக்கும், சாப்பிடலாம். ஆனால் மனதில் இருக்கும் பழம் அது இல்லை.

கொய்யா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தாலும் நம் கடற்கரையில் சொந்த ஊர்போல வளர்கிறது. மழை, ஈரம், மணல், களிமண் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். மண்ணின் கார அமில நிலை 4.5இலிருந்து 8.2 வரை இருந்தாலும் வளரும். ஆனால் அதைப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் பெரிய காரணம் அது காய்க்கும் விதம். கொய்யா புதுத் தளிரில் பூக்கிறது. கிளை நுனியை வெட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் தளிர் வரும், அந்தத் தளிரின் இலைக்கணுவிலேயே மொட்டு வரும், பூத்த நாலைந்து மாதத்தில் பழம். அதனால் கத்தரிக்கோல் எடுக்கிற ஒவ்வொரு முறையும் நீங்கள் மரத்தைச் சின்னதாகவும் வைக்கிறீர்கள், அடுத்த காய்ப்பையும் தொடங்கி வைக்கிறீர்கள். சின்ன இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் ஒரு மரத்துக்கு இருக்க முடியாது. மாதுளை அப்படியில்லை. அது பெரும்பாலும் முற்றிய கிளைகளில் இருக்கும் குட்டைக் கொம்புகளில் காய்க்கும். இடம் போதவில்லை என்று அதைக் கண்டபடி வெட்டினால் அந்த வருஷத்துக் காயையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். தவிர மாதுளைக்கு முள் உண்டு, தூரிலிருந்து போத்துகள் கிளம்பிக்கொண்டே இருக்கும், மூன்று நாலு தண்டை விட்டுவிட்டு மற்றதை நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வெட்டும் வேலையை மாதக் கணக்கோடு செய்தால் இன்னும் நல்லது. முந்தைய பருவத்தில் வளர்ந்த நுனிக் கிளைகளில் 10 முதல் 15 செ.மீ. நீளத்தை பிப்ரவரி–மார்ச்சிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் வெட்டிவிடுவது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. உங்கள் பக்கத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மாசியில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பழம். மழைக்கு முன் வெட்டினால் கோடையின் தொடக்கத்தில் பழம். இரண்டுமே ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலிருந்து தப்பிவிடும். அடைமழையில் பழுக்கிற கொய்யா சப்பென்று இருக்கும், புழுவும் அதிகம். அப்படி வெட்டுத் தவறி அந்த மாதங்களில் காய் பிடித்தால், பிஞ்சிலேயே பாதியைக் கிள்ளி எறிந்துவிட்டு மரத்தை அடுத்த காய்ப்புக்குத் தேற்றுவதே மேல்.

கொய்யாவுக்குத் தொல்லையே இல்லை என்று சொல்லவில்லை. மூன்று தொல்லை உண்டு. முதலாவது பழ ஈ. தோல் பச்சையிலிருந்து வெளிறத் தொடங்கும்போது ஈ முட்டையைத் தோலுக்குள் செலுத்திவிடும், பழம் கனிந்ததும் உள்ளே புழு நெளியும். கடைகளில் மெத்தில் யூஜினால் பொறி என்று விற்கிறார்கள். அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். ஏக்கர் கணக்கில் தோட்டம் முழுக்க வைத்தால் அதற்குப் பலன் உண்டு. ஒற்றை மரத்தை அது மட்டும் காப்பாற்றாது, முட்டை போடும் பெண் ஈ அடுத்த தெருவிலிருந்து பறந்து வந்துவிடும். வீட்டுக்கு உறுதியான வழி உறை போடுவதுதான். காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பையோ, காற்றோட்டம் உள்ள காகித உறையோ கட்டிவிடுங்கள். அணிலுக்கும் வவ்வாலுக்கும் அது ஓரளவு தடை. உதிர்ந்த பழத்தை மரத்தடியில் கிடக்க விடக்கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டாலே புழு செத்துவிடும்.

இரண்டாவது மாவுப்பூச்சியும் சுருள் வெள்ளை ஈயும். இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் கோலம் தெரிந்தால் அது வெள்ளை ஈ. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர மரத்தைக் கொன்றுவிடாது. குழாயில் வேகமாகத் தண்ணீர் அடித்து இலையின் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு, மாலை வேளையில் வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி வீதம் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து அடித்தால் கட்டுப்படும். சில நேரம் காயின் தோல் சொறி பிடித்ததுபோல் தடித்துக் கிடக்கும். அது தேயிலைக் கொசு உறிஞ்சிய வடு. உள்ளே பழம் நன்றாகவே இருக்கும், தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடலாம்.

மூன்றாவதுதான் என்னைக் கவலைப்பட வைப்பது: வேர்முடிச்சு நூற்புழு. பழனிப் பக்கம் ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த ஊர்த் தோட்டங்கள் உட்பட தமிழ்நாட்டின் பல கொய்யாத் தோட்டங்களை இந்தப் புழு பாழாக்கியிருக்கிறது. வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கி, இலை செம்பழுப்பாகி, நன்றாக வளர்ந்துகொண்டிருந்த மரம் தளர்ந்து காய்ந்துபோகும். இது ஊர்விட்டு ஊர் பரவுவது பெரும்பாலும் நர்சரிக் கன்றின் வேர் மண்ணோடுதான். மணற்பாங்கான நிலம் இதற்கு மிகவும் பிடித்த இடம், உங்கள் நிலமும் அப்படிப்பட்டது. எனவே கன்று வாங்கும்போது கூச்சப்படாமல் பையைக் கொஞ்சம் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். வெண்மையான மெல்லிய வேர்கள் இருந்தால் நல்லது. மணிமணியாக முடிச்சு ஒன்று தென்பட்டாலும் அந்தக் கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேண்டாம், அதே வரிசையில் இருக்கும் மற்றக் கன்றும் வேண்டாம். காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். ஒருமுறை புழு மண்ணில் இறங்கிவிட்டால் முழுவதுமாக ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கத்தான் முடியும். நடும்போதே குழிக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும், கிடைத்தால் நூற்புழுவைத் தின்னும் பர்ப்பூரியோசிலியம் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்தும் போடுங்கள். மரத்தைச் சுற்றிச் செண்டுமல்லி வைப்பதும் வேர்ப்புழுவைக் குறைக்கும்.

இனி, நிச்சயமாகச் சொல்ல முடியாத பகுதி. 'லேசாக உப்பு' என்று நாக்கில் வைத்துச் சொல்கிறீர்கள். அதை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசனத் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள், செலவு சொற்பம். நட்டபிறகு இலையின் விளிம்பு கருகி உள்நோக்கிப் பரவினால் உப்பு கூடிவிட்டது என்று பொருள். மணலில் ஒரு வசதி உண்டு, வடகிழக்குப் பருவமழை தேங்கிய உப்பைக் கீழே கழுவிவிடும். கோடையில்தான் மறுபடி சேரும். தினமும் ஒரு குவளை தெளிக்காமல், நாலைந்து நாளுக்கு ஒருமுறை வேர் முழுக்க நனையும்படி ஊற்றுங்கள், சருகு மூடாக்குப் போடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அதில் போர் தண்ணீரைவிட உப்பு அடர்த்தி கூடியிருக்கும். வெயில் பற்றியும் எனக்கு ஓரளவு தயக்கம் உண்டு. காலை முதல் ஒரு மணி வரை என்றால் ஆறேழு மணி நேரம் வருகிறது, கொய்யாவுக்கு அது போதும். ஆனால் கோடையில் விழும் வெயிலும் மார்கழியில் விழும் வெயிலும் ஒரே இடத்தில் விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது தென்பக்கம் உயர்ந்த சுவர் இருந்தால் கணக்கு மாறும். நடுவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு மாதுளைக்கு வருகிறேன். மாதுளையில் இரண்டு வகைப் பூ உண்டு. அடிப்பாகம் உருண்டு தடித்திருப்பது இருபால் பூ, அதுதான் காயாகும். அடி ஒல்லியாகக் கூம்பியிருப்பது ஆண் பூ, எப்படி இருந்தாலும் உதிரத்தான் செய்யும். கீழே உதிர்ந்து கிடப்பவற்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒல்லிப் பூவாக இருந்தால் செடி இன்னும் இளசு, அல்லது நிழல் அதிகம், அல்லது தழைச்சத்து அளவுக்கு மீறிப் போகிறது. தடித்த பூவே உதிர்ந்தால் மழையோ, மகரந்தம் சேராததோ, தண்ணீர் ஒழுங்கில்லாததோ காரணம். இதில் எது என்று செடியைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் வருஷம் முழுக்கப் பூக்கிறது என்று நீங்கள் சொல்வதிலேயே ஒரு தடயம் இருக்கிறது. நம் ஊரில் மாதுளைக்குக் குளிர்கால ஓய்வு இல்லை, தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்தால் விட்டு விட்டுப் பூத்துச் சத்தையெல்லாம் சிதறடிக்கும். மகாராஷ்டிரத்து விவசாயிகள் தண்ணீரை நிறுத்தி இலையை உதிர வைத்து, பிறகு உரமும் தண்ணீரும் கொடுத்து ஒரே வீச்சில் பூக்க வைக்கிறார்கள். அங்கே அம்பே, மிருக், ஹஸ்த் என்று மூன்று பருவம் உண்டு. நம் கடற்கரைக்குப் பொருந்தக்கூடியது தை, மாசியில் பூக்கிற அம்பே ஒன்றுதான். எதிர்வீட்டுக்காரரிடம், மார்கழியில் மழை ஓய்ந்ததும் ஒரு மாதம் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தையில் எருவிட்டு நீர் பாய்ச்சச் சொல்லுங்கள். பூக்கும்போது ஆண் பூவின் மகரந்தத்தை ஒரு மெல்லிய தூரிகையால் தடித்த பூவின் நடுவில் தொட்டு வைத்தால் காய்ப்பிடிப்பு கூடும். காய் பிடித்தபின் தண்ணீர் சீராக இருக்க வேண்டும். காயவிட்டுவிட்டு ஒருநாள் மொத்தமாக ஊற்றினால், இறுகிப்போன தோலுக்குள் முத்துகள் திடீரென்று பருத்துப் பழம் வெடித்துவிடும். போரான் குறைந்தாலும் வெடிக்கும், போராக்ஸ் லிட்டருக்கு 2 கிராம் கலந்து பிஞ்சுப் பருவத்தில் ஒருமுறை தெளிக்கலாம். சின்ன நீலப்பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று பூவிலும் பிஞ்சிலும் முட்டையிட்டுப் போகும், அதன் புழுதான் காயைத் துளைக்கிறது. அதற்கும் உறைதான் மருந்து. அதே புழு கொய்யாவையும் விடாது என்பதால், எதிர்வீட்டில் அது பெருகாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது.

தொட்டியில் இருக்கும் விதைக்கன்றை நிலத்தில் நட வேண்டாம். விதையில் வந்த மாதுளை தாயைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, காய்க்கவும் நாளாகும். முற்றிய குச்சியை நட்டு வேர்விட வைத்த கன்றோ, பதியன் போட்ட கன்றோதான் அதே ரகத்தைக் கொடுக்கும். கொய்யாவுக்கும் அப்படித்தான், பதியன் அல்லது ஒட்டுக் கன்றே வாங்குங்கள். உங்கள் மாதுளைக் கன்றை மொட்டை மாடியில் பெரிய தொட்டிக்கு மாற்றி வையுங்கள். முழு வெயில் கிடைக்கும், ஆனால் தொட்டி மண் சட்டென்று காய்வதால் பழம் வெடிப்பது கூடும். பூவுக்காக வளர்ப்பதாக நினைத்துக்கொண்டால் அந்தச் செடி உங்களை ஏமாற்றாது. அந்தச் செம்மைக்காகவே வளர்க்கலாம்.

ரகம் பற்றி. கொய்யாவில் லக்னோ 49, மாதுளையில் கணேஷ், இரண்டும் நீண்டகாலமாக நம் நர்சரிகளில் புழங்கும் பெயர்கள். இரண்டுமே புனேயின் கணேஷ்கிண்டு பழ ஆராய்ச்சி நிலையத்தில் தோட்டக்கலை விஞ்ஞானி டாக்டர் சீமா தேர்ந்தெடுத்தவை. லக்னோவிலிருந்து வந்த விதையில் கிடைத்த கொய்யா 1927இலும், மாதுளை 1936இலும் என்பது பதிவு. லக்னோ 49 இன்றும் நம்பகமான ரகம், வெள்ளைச் சதை, நல்ல காய்ப்பு, விதை கொஞ்சம் கடினம். குழந்தைகள் சாப்பிடுவதற்கென்றால் பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா மிருதுளாவைச் சொல்வேன், விதை மெத்தென்று இருக்கும். சிவப்புச் சதை வேண்டுமானால் அதே நிறுவனத்தின் அர்கா கிரண். இப்போது எல்லோரும் கேட்கும் தைவான் பிங்க் சீக்கிரம் காய்க்கும், செடியும் குட்டையாக நிற்கும். சுவையிலும் வாசத்திலும் அது மற்ற மூன்றுக்கும் கீழே என்பது என் அபிப்பிராயம், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். திருச்சி 1 என்று ஒன்று சொல்வார்கள், அது களர் நிலத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. உங்கள் மணலுக்கு அவசியமில்லை.

சத்து பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒன்று. 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், மாதுளையில் 10 மில்லிகிராம் அளவுதான். மாதுளையின் சிறப்பு அதன் நிறமிகளிலும் துவர்ப்புப் பொருட்களிலும் இருக்கிறது. கொய்யா இலைக் கஷாயம், மாதுளைத் தோல் பொடி என்று வரும் மருத்துவக் குறிப்புகளில் கருத்துச் சொல்ல நான் ஆள் இல்லை, அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

நடுவதற்கு ஆடி, ஆவணி சரியான நேரம். மழை வலுப்பதற்குள் வேர் பிடித்துவிடும். சுவரிலிருந்து ஆறடி தள்ளி, காலை வெயில் முதலில் விழும் பக்கமாக, இரண்டடி ஆழ அகலத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழுவுரம், முன்னே சொன்ன வேப்பம் புண்ணாக்கு, ஏரி வண்டல் கிடைத்தால் ஒரு கூடை. மணலில் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைப்பதற்கு வண்டலைப் போல எதுவும் இல்லை. கன்று இடுப்பளவு வந்ததும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தலையைக் கிள்ளி, நாலு திசைக்கு நாலு கிளை மட்டும் விடுங்கள். முதல் வருஷம் வரும் மொட்டையெல்லாம் கிள்ளிவிட வேண்டும், குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும். இரண்டாம் வருஷத்தில் ஒரு கிளைக்கு நாலைந்து காய் விடலாம். இலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுப்பகுதி மஞ்சளானால் துத்தநாகக் குறைவு. துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராமும் அதில் பாதி அளவு சுண்ணாம்பும் கரைத்து வடிகட்டி, புதுத் தளிர் வரும்போது தெளியுங்கள். மரம் ஏழடியைத் தாண்ட விடாதீர்கள், தரையில் நின்றபடியே எல்லாக் காய்க்கும் உறை கட்ட முடிகிற உயரம் அதுதான்.